நாய்க்கு ஒரு நியாயம், கிடாய்க்கு ஒரு நியாயமா?

புதூர்க்காரன் | 9 நவம்பர் 2025, இரவு 9.40

பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எங்கேயும் தெருநாய் இருக்கக் கூடாது, பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 7ஆம் தேதி உத்தரவு போட்டதும் ஊரெல்லாம் கண்ணீர். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு நாய்களுக்காக உருகுகிறவர்கள் அங்கிருந்து ரிங் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் பாண்டி கோயில். ஞாயிற்றுக்கிழமை அங்கே கறிச்சோறு சாப்பிடாதவர் யார்? நாயும் உயிர், ஆடும் உயிர். ஒன்றைத் தொட்டால் பாவம், இன்னொன்றை வெட்டினால் பிரசாதமா? விட்டால் எல்லாவற்றையும் விடு, இல்லையென்றால் எதற்கும் அழாதே. நடுவில் நிற்க இடம் கிடையாது என்கிறேன். இருந்தால் காட்டுங்கள்.

வடகரை | 9 நவம்பர், இரவு 10.55

முதலில் ஒரு திருத்தம். பாண்டி முனிக்குச் சைவப் படையல்தான். வெட்டு விழுவது கூட இருக்கிற சமயக்கருப்புக்கு. ஒரே வளாகத்தில் கொல்லாத சாமியும் பலி கொள்கிற சாமியும் அடுத்தடுத்து இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. நடுவில் நிற்க இடம் கேட்டீர்களே, அங்கேயே இருக்கிறது.

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொல்லலாமா என்பது ஒன்று. வலிக்க விடலாமா என்பது இன்னொன்று. முதலாவதில் ஊர் ஒருநாளும் ஒத்துப்போகாது. இரண்டாவதில் கறி தின்கிறவனும் தின்னாதவனும் பாதி வழி சேர்ந்து நடக்கலாம். 1789இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் விலங்குகளைப் பற்றிச் சொன்னது இதுதான்: யோசிக்குமா, பேசுமா என்று கேட்காதே, துன்பப்படுமா என்று கேள். ஆட்டுக்கும் நாய்க்கும் வலியில் வித்தியாசம் இல்லை, அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதிலிருந்து எல்லாவற்றையும் விடு என்பது வராது. எதைச் செய்தாலும் வலியை எண்ணிப் பார் என்பது வரும்.

எண்ணிப் பார்த்தால் அந்தக் கோயில் கிடாய் பிராய்லர் கோழியைவிடக் கொடுத்துவைத்தது. கரட்டில் மேய்ந்தது, வெயில் பார்த்தது, ஒரே வெட்டில் போனது.

புதூர்க்காரன் | 10 நவம்பர், காலை 7.15

வலிதான் அளவுகோல் என்றால் மனுசனும் ஆடும் ஒன்றாகிவிடாதா அண்ணே? அப்புறம் ஆறாவது அறிவு எதற்கு?

வடகரை | 10 நவம்பர், இரவு 11.20

ஒன்றாகாது. ஒரே அளவு வலிக்கு ஒரே அளவு கவனம் என்பதுதான் கணக்கு. 1975இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் எழுதியதன் சாரமும் அதுவே. குதிரையின் தொடையில் ஓங்கி ஓர் அறை, குழந்தையின் தொடையில் அதே அறை. அறை ஒன்று, வலி ஒன்றல்ல. மனிதனுக்கு நாளைக்கு நடக்கப்போவதை நினைத்து இன்றைக்கே பயப்படத் தெரியும், அதனால் பல இடங்களில் அவன் துன்பம் பெரிது. ஆனால் சில இடங்களில் விலங்கின் துன்பம் பெரிது. ஊசி போடும்போது ‘இது நல்லதுக்குத்தான்’ என்று நமக்குச் சொல்லலாம், மாட்டுக்குச் சொல்ல முடியாது. அதற்குக் கட்டிப்போட்டதே மரண பயம்.

ஆறாவது அறிவு விஷயத்தில் கவனமாக இருங்கள். தொல்காப்பிய மரபியலில் படி வரிசையாக இருக்கிறது: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கு, விலங்கு ஐந்து, மக்கள் ஆறு. ஆனால் அந்த ஐந்தாம் படியில் ‘மாவும் மாக்களும்’ என்று இருக்கிறது. மாக்களும் மனிதர்கள்தான், மன உணர்ச்சி இல்லாதவர்கள் என்று இறக்கி வைக்கப்பட்டவர்கள். விலங்கில் ஒரு சாராருக்கும் ஆறாவது உண்டு என்று ஒரு சூத்திரம் சில பாடங்களில் வருகிறது. ஆக ஏணியைக் கட்டியவர்களுக்கே படிகள் ஒழுங்காக நிற்கவில்லை.

பச்சைப்பிள்ளைக்கு ஆறாவது அறிவு எங்கே இருக்கிறது? நினைவு தப்பிக் கிடக்கும் தாத்தாவுக்கு? அவர்களைத் தொட்டால் கொலை என்கிறோம், சரிதான். அப்படியென்றால் நாம் கோடு கிழித்தது அறிவை வைத்து இல்லை. ஏணி வைத்து அளக்க ஆரம்பித்தால் அடுத்த தெருக்காரனைத்தான் முதலில் ஒரு படி கீழே தள்ளுவோம். இந்த மாவட்டத்தில் அதற்கு உதாரணம் சொல்ல வேண்டியதில்லை.

மனிதன் ஒசத்தி என்பதை நான் மறுக்கவில்லை. வெறிநாயா குழந்தையா என்று வந்தால் யாரும் யோசிக்கப் போவதில்லை. ஒசத்தி என்பதால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கறிக்கணக்கு | 11 நவம்பர், காலை 6.05

‘ஒரே வெட்டில் போனது.’ நேரில் நின்று பார்க்காதவர் எழுதிய வரி.

ஒரே வெட்டு விழ நாலு விஷயம் கூடிவர வேண்டும். அரிவாள் அன்றைக்குச் சாணை பிடித்ததாக இருக்கணும். கயிறு முன்னால் இழுத்துக் கழுத்து நீண்டிருக்கணும், பின்னங்காலை ஒருவர் பிடித்திருக்கணும், இரண்டு பேரும் ஒரே நேரம் இழுக்கணும். வெட்டுகிறவர் வழக்கமாக வெட்டுகிறவராக இருக்கணும். நாலாவது, அவர் குடிக்காமல் இருக்கணும். நேர்த்திக்கடன் கோயிலில் நாலாவது ரொம்ப அரிது. இருபது கிடாய் வெட்டினால் கை தளர்ந்துவிடும், அரிவாள் எலும்பில் பட்டுப் பட்டு மழுங்கும். பதினைந்தாவது கிடாய்க்கு இரண்டு வெட்டு, பதினெட்டாவதுக்கு மூன்று. தோளில் விழுவதும் உண்டு.

கறிக்கடையில் தொண்டையில் அறுப்பது வேறு வேலை. கத்தி நீளம் கழுத்து அகலத்தைப் போல் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். சின்னக் கத்தி என்றால் முன்னும் பின்னும் ராவ வேண்டி வரும், முனை புண்ணுக்குள்ளேயே குத்தும். கூர் பார்க்க ஒரு தாளைத் தொங்கவிட்டு இழுத்தால் சத்தமில்லாமல் இறங்கணும். ஒரே இழுப்பில் குரல்வளை, இரண்டு பக்கத்து நாளம் எல்லாம் அறுந்தால் ஆடு பெரும்பாலும் பத்து விநாடியை ஒட்டி நினைவு தப்பிவிடும். மாட்டுக்கு அப்படி இல்லை, முதுகெலும்பு வழியாகவும் மூளைக்கு ரத்தம் போவதால் ஒரு நிமிடத்தையும் தாண்டலாம்.

இன்னொன்று. கோயிலில் பத்தாவது கிடாய் நிற்கிற இடத்திலிருந்து ஒன்பதாவது தெரியும்.

மாட்டாஸ்பத்திரி | 11 நவம்பர், பிற்பகல் 2.30

மேலே சொன்னது அத்தனையும் சரி. உதைக்கிறதே, இன்னும் உயிர் இருக்கிறதா என்று பலரும் கேட்பது: தலை துண்டான பிறகு கால் உதைப்பது தண்டுவடத்தின் வேலை, வலி இல்லை. தொண்டை அறுத்த ஆட்டுக்குத்தான் பார்க்க வேண்டும். விரல் நுனியால் கருவிழியை லேசாகத் தொடு. இமை மூடினால் நினைவு இன்னும் இருக்கலாம். மூச்சு சீராக ஏறி இறங்கினாலும் அப்படியே. இரண்டும் நின்ற பிறகுதான் தோலில் கத்தி வைக்கலாம். அவசரத்தில் காலை அறுக்க ஆரம்பிப்பதுதான் நான் பார்க்கிற பெரிய தப்பு.

சட்டம்: 2001 இறைச்சிக்கூட விதிப்படி ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை வெட்டக் கூடாது. சினை ஆடு, மூன்று மாதத்துக்குள் குட்டி உள்ள தாய், மூன்று மாதம் ஆகாத குட்டி வெட்டக் கூடாது. ஒரு டாக்டர் மணிக்கு 12, நாளுக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. கோயில் வெட்டுக்கு இது எதுவும் வராது, 1960 வதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு மதச் சடங்குக்காகக் கொல்வதை விலக்கி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் வதைக்கு முதல் முறை அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு இன்றைக்கு அரைப் பிளேட் சுக்கா வராது.

வடகரை | 11 நவம்பர், இரவு 10.10

கிடாய் கொடுத்துவைத்தது என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மேய்ந்த காலம் வரைக்கும் கொடுத்துவைத்தது. கடைசி அரை மணி நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆனால் அந்த அரை மணிக்குள் ஒரு விஷயம் நடக்கிறது, அதை விட மனசில்லை. வெட்டுவதற்கு முன் மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலையைச் சிலுப்புகிறதா என்று பார்ப்பார்கள். சிலுப்பினால் சம்மதம், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிலுப்பாவிட்டால் நிற்பார்கள், மறுபடி தெளிப்பார்கள், ‘என்ன குறை வச்சோம்’ என்று குடும்பத்தில் மூத்தவர் கேட்பார். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பும், அது சம்மதம் இல்லை என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள். ஒரு கல்லை உடைக்க யாரும் கல்லிடம் கேட்பதில்லை. எதிரில் நிற்பது கேட்கப்பட வேண்டிய ஒன்று என்று எங்கேயோ உள்ளே தெரிந்திருக்கிறது.

2003இல் அரசு உயிர்ப்பலித் தடையை அமல்படுத்தியதும், 2004இல் அந்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தையே ரத்து செய்ததும் நினைவிருக்கும். அந்தச் சண்டை முழுவதும் பலியா சாமியா என்றே போனது. தடை இருந்த மாதங்களில் கறிக்கடை எதுவும் மூடவில்லை.

கறிக்கணக்கு | 12 நவம்பர், காலை 6.20

கோழிக்கடையிலும் கேட்கிறோமே. ‘தோலோடவா, உரிச்சா?’ கோழியிடம் இல்லை, வாங்க வந்தவரிடம்.

புதூர்க்காரன் | 12 நவம்பர், காலை 8.00

புலால் மறுத்தல் குறள் 256 இன்னும் வரலையா? ரெண்டு நாளா காத்திருக்கேன்.

வடகரை | 12 நவம்பர், காலை 9.30

வந்தால் உங்களுக்கு வசதிப்படாது தம்பி. அதில் வள்ளுவர் பிடிப்பது வெட்டுகிறவனை இல்லை, வாங்குகிறவனை. திருப்பரங்குன்றம் மலையில் ஆடு வெட்டுவது பற்றிய தகராறையும் யாரும் இழுக்காதீர்கள். அது ஆட்டைப் பற்றிய சண்டை இல்லை.

கறிக்கணக்கு | 14 நவம்பர், இரவு 9.15

சிரிக்கச் சொன்னதைக் கணக்காகவும் சொல்கிறேன். ‘மட்டன் பாவம், சிக்கனுக்கு மாறிட்டேன்’ என்பவர்களுக்கு.

உயிர் எடை 22 முதல் 25 கிலோ கிடாயில் கறி 10 முதல் 12 கிலோ. 2 கிலோ பிராய்லரில் தோல் உரித்தால் 1.3, 1.4 கிலோ. ஒரு கிடாய்க்குப் பதில் எட்டுக் கோழி. நெத்திலிக்கு மாறினால் எண்ணவே வேண்டாம். உயிரை எண்ணினால் ஆட்டிலிருந்து கோழிக்குப் போவது எட்டு மடங்கு கொலை.

வாழ்ந்ததையும் பார்ப்போம். பிராய்லர் ஐந்து ஆறு வாரத்தில் 2 கிலோ ஆகிறது. நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வர ஐந்தாறு மாதம். நெஞ்சு வளர்கிற வேகத்துக்குக் கால் எலும்பு வளராது, கடைசி வாரம் பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கும். முட்டைக் கோழிக்கு வேறு கதை: சேவல் குஞ்சு முட்டையிடாது, கறியும் பிடிக்காது, அதனால் பொரித்த அன்றே கழித்துவிடுவார்கள். முட்டை சைவமா அசைவமா என்று தகராறு செய்கிறவர்கள் இந்தக் குஞ்சை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள்?

கடையில் சரிசெய்யக்கூடிய தப்புகள் மூன்று. பைக் ஹேண்டில்பாரில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது: கோழிக்கு உதரவிதானம் கிடையாது, குடலும் ஈரலும் மூச்சுப்பையை அழுத்தும், போகிற வழியிலேயே மூச்சுத் திணறும். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் கீறிவிடுவது: இரண்டு பக்க நாளமும் அறுந்தால் சீக்கிரம் அடங்கும், ஒரு பக்கம் என்றால் இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது அந்த நீல டிரம்மு. அறுத்ததும் உள்ளே வீசினால் அடித்துக்கொள்ளும், சிறகு எலும்பு உடையும், மேலே அடுத்தது விழும். டிரம்முக்குப் பதில் சுவரில் தகரக் கூம்பு. தலை கீழ்த்துளை வழியாக வெளியே வரும், சிறகு அடங்கியிருக்கும், ரத்தம் நன்றாக வடியும். தகரக்காரரிடம் சொன்னால் அரை மணி வேலை. கடைக்காரருக்கும் லாபம், கறியில் ரத்தக்கட்டு வராது.

வாடிப்பட்டி வயல் | 15 நவம்பர், அதிகாலை 5.10

ஆடு கோழி எல்லாம் சரி. எலியை யார் பேசுவது? சைவச் சாப்பாட்டுக்குப் பின்னாலும் எலி செத்திருக்கிறது.

நெல்லில் எலியைக் கொல்லாமல் அறுவடை இல்லை. எப்போது கொல்கிறோம், எதால் கொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். நட்ட முதல் ஒன்றரை மாதத்தில் பிடித்தால் ஒன்று இரண்டோடு போகும். கதிர் கட்டும் நேரம் வரை விட்டால் குட்டி போட்டிருக்கும். 21 நாள் சினை, ஒரு ஈற்றில் ஐந்து எட்டு. இரக்கப்பட்டு ஒரு மாதம் தள்ளிப்போடுகிறவர்தான் அதிகம் கொல்கிறார்.

சாயங்காலம் வளை வாயெல்லாம் சேறு பூசி மூடணும். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது, அங்கே மட்டும் கிட்டி வைத்தால் போதும். மூங்கில் கிட்டியில் கழுத்து மாட்டினால் நொடியில் போய்விடும். மருந்துக் கட்டி, அந்த 0.005 சதவீதம் புரோமடியோலோன், தின்ற பிறகு நாலைந்து நாள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். அதைத் தின்கிற ஆந்தையும் சாகும். ஆந்தை உட்காரத்தான் வயலில் டி வடிவக் குச்சி நடுகிறோம், அதே வயலில் மருந்தும் வைக்கிறோம், என்ன புத்தியோ. வரப்பை ஒரு அடிக்கு மேல் அகலம் விடாதீர்கள், அகல வரப்பில்தான் வளை தோண்டும்.

வீட்டில் வைக்கிற ஒட்டு அட்டை எல்லாவற்றிலும் கேவலம். ஒட்டிக்கொண்டு விடியவிடியக் கத்தி, தோல் பிய்ந்து, தாகத்தில் சாகும். அப்படியே குப்பையில் போட்டால் அங்கேயும் ஒரு நாள் கிடக்கும். விநாயகர் படத்துக்குக் கீழேயே அதை வைக்கிற வீடுகள் உண்டு.

வடகரை | 15 நவம்பர், இரவு 11.45

இந்தப் பதிவைப் படித்த பிறகு ‘கொல்லலாமா, வலிக்க விடலாமா’ என்று நான் பிரித்தது அவ்வளவு சுத்தமாகப் பிரியவில்லை என்று தெரிகிறது. கொல்வதைத் தள்ளிப்போட்டால் வலி கூடுகிறது. ஆட்டுக்கும் எலிக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. ஆட்டை நாம் கட்டிப்போட்டோம், அதற்குத் தண்ணீர் வைப்பது நம் கடன். எலி தானாக வந்தது. அதற்குத் தீனி வைக்கும் கடமை இல்லை, ஆனால் விடியவிடிய ஒட்டவைக்கும் உரிமையும் இல்லை. தெருநாய் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். நாய் யார் வீட்டுக் கடன்?

மாட்டாஸ்பத்திரி | 16 நவம்பர், காலை 10.20

தத்துவத்துக்கு முன்னால் கடிவாய். குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம், கடிகாரம் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். தோலுக்குள் போடுகிற ஊசி என்றால் 0, 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வரக் கடித்திருந்தால் கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (தயாராக இருக்கிற எதிர்ப்பு மருந்து ஊசி) கட்டாயம். நோய்க்குறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் மனிதனா நாயா என்று பட்டிமன்றம் வைக்க எனக்குப் பொறுமை இல்லை. பத்துக்கு ஏழு நாய்க்குத் தடுப்பூசி போட்டால் ஊரில் வெறிநோய் பரவுவது அறுபடும். அதில் நாயும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும்.

நாய் யார் கடன் என்ற கேள்விக்குக் கறிக்கணக்கின் கணக்கையே நீட்டுகிறேன். 2 கிலோ கோழியில் கறி போக 600 கிராம் கழிவு. நாளுக்கு நூறு கோழி போகிற கடையில் 60 கிலோ. அதைச் சாக்கில் கட்டி ரிங் ரோட்டு ஓரத்திலும் ஆற்றோரத்திலும் வீசினால் எத்தனை நாய் வளரும்? ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தச் சாக்குக்கு அடுத்த தெரு நாய் வரும், தடுப்பூசி போடாத நாய். உத்தரவுப்படி மாட்டுத்தாவணியைக் காலி செய்யட்டும், தப்பில்லை. சாக்கு அங்கேயே கிடந்தால் மறுபடி பிடிக்க வேண்டும். நாயை வளர்ப்பது பிஸ்கட் போடுகிறவர்கள் மட்டும் இல்லை, லெக் பீஸ் வாங்குகிற எல்லோரும்தான்.

புதூர்க்காரன் | 16 நவம்பர், மதியம் 1.05

என் கேள்வியை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆட்டையும் நாயையும் எதிரெதிரே நிறுத்தினேன், கடைசியில் கோழி நடுவில் நிற்கிறது.

அப்போ ஜல்லிக்கட்டு? தை வரப்போகிறது. காளை வலிக்கு நீங்கள் என்ன சொன்னாலும் அலங்காநல்லூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள்.

வடகரை | 16 நவம்பர், இரவு 10.30

2014இல் தடை, 2017இல் மெரினா, 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அனுமதி. அதையெல்லாம் மறுபடி நடத்த வேண்டாம். ஒன்று மட்டும். ‘ஜல்லிக்கட்டு இல்லையென்றால் புலிக்குளம் மாடு அழிந்துபோகும்’ என்பது இனத்தைப் பற்றிய வாதம். நல்ல வாதம்தான், ஆண் கன்றை வளர்க்க வேறு காரணம் இல்லாத வீட்டில் அது அடிமாட்டு வண்டிக்குத்தான் போகும். ஆனால் வாலைக் கடித்தால் வலிப்பது இனத்துக்கு இல்லை, அந்த ஒரு காளைக்கு. திமிலை மட்டும் பிடி, 15 மீட்டர் அல்லது மூன்று துள்ளல் வரைக்கும் என்ற விதி காளைக்காக. அதை நடத்திக் காட்டினால் இரண்டு வாதமும் நிற்கும்.

புதூர்க்காரன் | 4 ஜனவரி 2026, மாலை 6.40

பழைய இழையை எழுப்புகிறேன். மாசியில் காதுகுத்து, கருப்பு கோயிலில், முந்நூறு பேர். வெட்டாமல் விட வீட்டில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலே பேசியதில் எதைச் செய்ய முடியும்? பெரியப்பாவிடம் ‘வலி’ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

கறிக்கணக்கு | 4 ஜனவரி, இரவு 9.00

ஆளுக்கு 150 கிராம் என்றால் 45 கிலோ, நாலு கிடாய். ஏழெட்டு வேண்டாம், மிஞ்சினால் இலையில்தான் கொட்டும். முதல் நாளே கொண்டுவந்து நிழலில் கட்டுங்கள், தனியாகக் கட்டாதீர்கள், நாலும் ஒன்றையொன்று பார்த்தால் கத்தாது. இரவு தழை நிறுத்திவிடுங்கள், 12 மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் குடல் கிழிந்து கறியில் படாது. தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது, காலை வரை வாளி இருக்கட்டும். அரிவாளும் ஆளும் வாடகைக்கு வரும், நாலு கிடாய்க்கு ஒரே ஆள் போதும், கை தளராது. முதல் நாள் இரவே அவருக்குச் சொல்லிவிடுங்கள்: குடி சாப்பாட்டுக்குப் பிறகு.

மாட்டாஸ்பத்திரி | 4 ஜனவரி, இரவு 9.50

பெரியப்பாவிடம் வலி என்று சொல்ல வேண்டாம், கறி என்று சொல்லுங்கள். பயந்து, ஓடி, இழுபட்ட ஆட்டின் தசையில் இருக்கிற சர்க்கரை தீர்ந்துபோகும். வெட்டிய பிறகு கறி புளிப்பேறாது, கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். அடுத்த கிடாய்க்கு வெட்டு தெரியாமல் நடுவில் ஒரு தார்ப்பாய் கட்டினால் கறி சிவப்பாக நிற்கும். இது பொய் இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள்.

புதூர்க்காரன் | 11 ஜனவரி, இரவு 8.15

தார்ப்பாய்க்குச் சம்மதம். தண்ணீர் வாளிக்கும் சம்மதம். குடி விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. சிலுப்பாவிட்டால் எத்தனை தடவை தெளிப்பது என்று பெரியப்பா என்னிடம் கேட்டார்.

வடகரை | 11 ஜனவரி, இரவு 8.40

நீங்கள் என்ன சொன்னீர்கள்?

புதூர்க்காரன் | 11 ஜனவரி, இரவு 8.42

மூணு. அதுக்கு மேல சிலுப்பலைன்னா அதை அவிழ்த்து விட்டுட்டு மூணு கிடாயோட சமாளிப்போம்னேன். கறி பத்தாதேன்னு பெரியம்மா கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க.